வாங்கும் வெட்டுப்புள்ளியும்

கல்வியை அளப்பதற்கென்று அரசுகள் கைக்கொண்ட அளவுகோல்களின் வரலாறு நமது சமுதாயத்தின் வரலாற்றோடு பின்னிப் பிணைந்தது. யாழ்ப்பாணக் குடாநாடு இதற்குத் தக்க சான்றாகும்.

இங்கிலாந்தில் 1862ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த ஒரு முறை, 1869இல் இலங்கையில் பொதுப் போதனைத் திணைக்களம் அமைந்ததைத் தொடர்ந்து இங்கும் புகுத்தப்பட்டது. பெறுபேற்றுக்கு ஏற்பப் பாடசாலைக்கு நன்கொடை வழங்குவதே அம்முறை. பரிசோதகர் வருவார், வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றிற் பிள்ளைகளைச் சோதிப்பார், தேறியோர் தொகைக்கேற்பப் பணம் கிடைக்கும். வீட்டிலேயே ஏடும் எழுத்தும் அறிந்து வந்த பிள்ளை முழுப் பணத்தையும் ஈட்டித் தந்தது. அகரமும் அறியாது வந்து, அரும்பாடுபட்டு முக்காற் பங்கு தூரம் நடந்து, தேர்ச்சிக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்ட பிள்ளைக்கு அந்தக் கணக்கில் மதிப்பே இல்லை. பிள்ளை நின்ற இடத்தை அளந்தார்கள். நடந்த தூரத்தை எவரும் அளக்கவில்லை.

அந்தச் சோதனைக்கு வந்து நிற்கும் வாய்ப்பே மறுக்கப்பட்டோர் எத்தனை பேர்! ஒடுக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகளுக்குப் பல பாடசாலைகளின் கதவு திறக்கவில்லை. திறந்த இடங்களிலும் அவர்கள் நிலத்திலே இருத்தப்பட்டனர். 1920களின் இறுதியில் சம ஆசனம் கோரி எழுந்த போராட்டத்தின் பயனாக, ஏனைய பிள்ளைகளோடு ஒரே வாங்கில் அமரும் உரிமையை அரசு ஏற்றது. அதைப் பொறாதவர்களாற் சில பாடசாலைகள் தீக்கிரையாயின. யாழ்ப்பாணத்தின் கல்விப் பெருமையைப் பேசும்போது இதனையும் சேர்த்துப் பேசுவதே நேர்மை.

அப்பெருமைக்குக் காரணங்கள் உண்டு. 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் தொடங்கிய செமினரி, 1848இல் வண்ணார்பண்ணையில் நாவலர் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலை போன்றவற்றின் வழியே பாடசாலைகள் பெருகின. ஆறில்லாத வறண்ட மண்ணிலே அரசாங்க உத்தியோகமே பலருக்கு விளைநிலமாயிற்று. 1945இல் வந்த இலவசக் கல்வி அவ்வழியை மேலும் அகலமாக்கியது.

1970இல் பேரிடி விழுந்தது. மருத்துவ, பொறியியற் பீடங்களுக்குத் தமிழ்மொழி மூலம் தோற்றிய மாணவர் 250 புள்ளிகள் பெறவேண்டியிருந்தது; சிங்களமொழி மூலம் தோற்றியோர்க்கு மருத்துவத்துக்கு 229, பொறியியலுக்கு 227 போதுமாயிற்று. 1973இல் மொழிவாரித் தரப்படுத்தலும், 1974இல் சனத்தொகைக்கேற்ற மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. பொறியியலில் 1973இல் 24.4 வீதமாயிருந்த தமிழ் மாணவர் பங்கு மறு ஆண்டே 16.3 வீதமாயிற்று. மொழியை வைத்துத் தண்டித்தது அநீதி என்பதில் ஐயமில்லை. அதன் கசப்பு ஒரு தலைமுறையின் அரசியலையே மாற்றிற்று.

ஆயினும் மாவட்ட ஒதுக்கீட்டைத் தனியே எடைபோடுதல் வேண்டும். மன்னார், வவுனியா, மட்டக்களப்புத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது ஒரு கதவைத் திறந்தது. குடாநாட்டார் ‘திறமை’ என்றழைத்ததில் நல்ல ஆய்வுகூடமும் தனிப்போதனையும் எவ்வளவு பங்கு வகித்தன என்று நாம் கேட்டோமா? மறுபுறம், மாவட்டம் என்ற அளவும் குருட்டளவே. 1984 வரை கிளிநொச்சி யாழ் மாவட்டத்துக்குள் அடங்கியிருந்தது. நகரத்துப் பெருங் கல்லூரியின் மாணவனும், நெடுந்தீவின் கடற்றொழிலாளி மகளும், கிளிநொச்சிக் குடியேற்றக் கமக்காரரின் மகனும் ஒரே ‘முன்னேறிய’ மாவட்டத்தின் பிள்ளைகளாயினர். மாவட்டத்தின் சராசரி, அம்மூவர்க்கும் இடையே கிடந்த பள்ளத்தை மூடி மறைத்தது.

2001 முதல் இசட் புள்ளி முறை நடைமுறையிலுள்ளது. ஒருவரின் புள்ளி அப்பாடத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியுள்ளது என்பதைப் புள்ளிகளின் பரம்பலோடு ஒப்பிட்டுக் காட்டுவது அது. கடினமான பாடத்தையும் எளிய பாடத்தையும் ஒரே தராசில் நிறுக்க அது உதவும். ஆயின், பிள்ளை எங்கிருந்து புறப்பட்டது என்பதை அதுவும் சொல்லாது. மாவட்ட வெட்டுப்புள்ளிகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, “இம்மாவட்டத்தின் கற்பித்தல் சிறந்தது, அம்மாவட்டத்தினது தாழ்ந்தது” எனத் தீர்ப்புக் கூறுவது பெரும் பிழை.

வளர்ச்சியை அறியவேண்டுமாயின் அதே பிள்ளையை இரண்டு காலங்களில் அளத்தல் வேண்டும். அப்போதும் எச்சரிக்கை தேவை. பத்துப் பேர் கொண்ட வகுப்பில் இருவரின் தவறுதலே சராசரியைக் கவிழ்த்துவிடும். உச்சத்தில் தொடங்கியவர்க்கு மேலே ஏற இடம் குறைவு. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, ஓரிடத்தில் தொடங்கிய படிப்பை வேறிடத்து மரநிழலிலே தொடர்ந்த பிள்ளையின் வளர்ச்சியை எந்த மாவட்டத்தின் கணக்கிலே எழுதுவது? ஒருகாலத்தில் முன்னேறியதென்று கழிக்கப்பட்ட யாழ்ப்பாணமே, பிற்காலத்தில் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இடம்பெற்றது. அளவுகோல் அதனைக் கண்டுகொள்ளுமுன் ஒரு தலைமுறையின் படிப்பு குலைந்து போயிற்று.

ஆசிரிய நண்பர்களே, ஒன்பது பாடங்களிலும் அதிசிறப்புச் சித்தி பெற்றோரின் படங்களைப் பாடசாலை மதிலிலே தொங்கவிடுகிறோம். வாசிக்கத் தெரியாமல் வந்து வாசிக்கக் கற்றுச் சென்ற பிள்ளையின் பெயர் எந்த மதிலில் இருக்கிறது? அந்தப் பெயரையும் எழுதத் தொடங்கும் நாளிலேதான், சம ஆசனத்துக்காக நடந்த போராட்டம் நிறைவு பெறும்.