உலகக் கேரம் போட்டிகளில் இந்தியா

கேரம் (சுண்டாட்டம்) தெற்காசியாவில் பரவலாக ஆடப்படும் பலகை விளையாட்டு ஆகும். மேசைக் குழிப்பந்தாட்டத்தில் பிலிப்பைன்ஸ் பெற்றுள்ள சிறப்பிடத்தைப் போல, கேரத்தில் இந்தியா சிறப்பிடம் பெற்றுள்ளது. இதில் சென்னை வீரர்களின் பங்கு பெரிது.

வரலாறு

பன்னாட்டுக் கேரம் கூட்டமைப்பு 1988 ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்டது. சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 1991 இல் தில்லியிலும் 1995 இல் கொழும்பிலும் நடந்த உலகப் போட்டிகளில் ஒற்றையர் பட்டம் வென்றார். அவருக்கு 1996 இல் அருச்சுனா விருது வழங்கப்பட்டது. 2012 இல் கொழும்பில் இலங்கையின் நிசாந்த பெர்னாண்டோ ஆடவர் ஒற்றையர் பட்டத்தைப் பெற்றார்.

வட சென்னை

பலகை, காய்கள், அடிப்பான், போரிக் பொடி ஆகியவை இருந்தால் சிறு அறையிலும் கேரம் ஆடலாம். எனவே நெருக்கமான குடியிருப்புகள் கொண்ட வட சென்னையில் இவ்விளையாட்டு வேரூன்றியது. வியாசர்பாடியைச் சேர்ந்த இளவழகி 2008 இல் பிரான்சில் உலகப் பட்டம் வென்றார். ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா 2024 இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கப் பதக்கங்கள் பெற்றார். தமிழக அரசு அவருக்கு ஒரு கோடி ரூபாய் வழங்கியது.

இரசிகர்களின் பற்று

எஃப்ரன் ரெயெஸ் 1999 இல் உலக ஒன்பது பந்துப் பட்டம் வென்றபின் பிலிப்பைன்ஸ் மக்களால் தேசிய வீரராகக் கொண்டாடப்பட்டார். இந்தியக் கேரம் வீரர்களுக்கு அத்தகைய நாடளாவிய புகழ் வாய்க்கவில்லை. இலங்கையுடன் மோதும்போது நாட்டுப்பற்று முன்நிற்கும். 2008 இறுதியாட்டத்தில் இளவழகியும் பீகாரின் ரஷ்மி குமாரியும் மோதியது போல, இருபுறமும் இந்தியரே ஆடும்போது மாநிலமும் பேட்டையுமே இரசிகர்களின் அடையாளம் ஆகின்றன.