பளபளப்பின் முகவரி

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். மலையேற வந்தவர்கள் வளைவுகளை எண்ணுவார்கள். மலையில் வண்டி வைத்திருப்பவர்கள் மழைக்காலங்களை எண்ணுவார்கள். ஆயிரம் மீட்டருக்கு மேலே மாதக்கணக்கில் பனிமூட்டமும் சாரலும் இருக்கும். ராத்திரி திண்ணையில் நிற்கும் வண்டியில் விடியும்போது தண்ணீர் சொட்டும். சமவெளியில் பத்து வருஷம் தாங்கும் குரோம் இங்கே பாதிக் காலத்திலேயே கொப்புளம் கட்டி, செதிலாக உரிந்து, அடியில் துரு தெரியும்.

எங்கள் வீட்டில் இருப்பது 1986ஆம் வருஷத்து என்ஃபீல்டு புல்லட். பெரியப்பா வாங்கியது. மிளகு மூட்டை, பலாப்பழம், ஒருமுறை பிரசவ வலியில் இருந்த பெண் என்று எல்லாவற்றையும் அதில் ஏற்றியிருக்கிறார். இப்போது அதைப் பிரித்துப்போட்டிருக்கிறேன். எஞ்சின் வேலை முடிந்துவிட்டது. தேய்ந்து துருவேறிய பாகங்களுக்கு என்ன பூச்சு கொடுப்பது என்பதில்தான் இழுபறி. பெரியப்பாவுக்குச் சந்தேகமே கிடையாது: "எல்லாத்துக்கும் குரோம் போட்டுரு. வண்டின்னா அதுல மொகம் தெரியணும்டா." அந்த ஆசையைச் சும்மா தள்ளிவிட முடியாது. மலையில் மோட்டார் வண்டி அபூர்வமாக இருந்த காலத்தில், அந்தப் பளபளப்புதான் சந்தைக்குப் போகும் விவசாயிக்குக் கிடைத்த மரியாதை.

அந்த மரியாதைக்கு ஒரு சரித்திரம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் சைக்கிள்களில் மின்னியது நிக்கல். லேசான மஞ்சள் சாயல் கொண்ட மினுக்கம். துடைக்காமல் விட்டால் மங்கிவிடும். குரோமியம் என்ற உலோகத்தை 1797இல் லூயி நிக்கோலா வாக்லன் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் சைபீரியச் சிவப்புத் தாதுவிலிருந்து கண்டுபிடித்திருந்தார். அதன் சேர்மங்கள் வண்ணவண்ணமாக இருந்ததால் 'நிறம்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வந்தது. ஆனால் அதை நம்பகமாக முலாம் பூசும் வழி 1920களின் நடுவில்தான் தொழிற்சாலைக்கு வந்தது. நீலச் சாயலோடு, மங்காமல், தினமும் துடைக்கத் தேவையில்லாத பளபளப்பு. பத்தே வருஷத்தில் கார், சைக்கிள், குழாய் என்று எல்லாவற்றிலும் அது ஏறிக்கொண்டது.

நம் ஊருக்கு அது புல்லட்டோடு சேர்ந்து வந்தது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை. முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, பிறகு இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். ரெடிட்ச் ஆலை 1967இல் மூடப்பட்டது, திருவொற்றியூர் ஓடிக்கொண்டே இருந்தது. ஆங்கிலேயன் மறந்துபோன வண்டியை நாம் உருமாறாமல் காப்பாற்றினோம், குரோம் உட்பட.

அந்தக் குரோமைத் தொட்டுப் பார்த்தால் கெட்டியான உலோகம் என்று தோன்றும். உண்மையில் அது அரை மைக்ரான் கனம்கூட இருக்காது. ஒரு தலைமுடி அதைப்போல நூறு மடங்குக்கும் மேல் தடிமன். இரும்பைத் துருவிலிருந்து காப்பது அதற்கு அடியில் இருக்கும் நிக்கல். குரோமில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் உண்டு. நிக்கலைக் கஞ்சத்தனமாகப் போட்டிருந்தால் ஈரம் அந்த விரிசல் வழியாக இறங்கி இரும்பைத் தின்னும். மறுபடி குரோம் போடுவதென்றால் பழைய முலாமை அமிலத்தில் கழற்றி, துருக்குழிகளைத் தேய்த்து மட்டமாக்கி, நிக்கலிலிருந்து தொடங்க வேண்டும்.

செம்மேட்டில் மெக்கானிக் அண்ணனிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்: "தம்பி, அந்தத் தொட்டித் தண்ணியெல்லாம் எங்கீங்க போகும்?"

அந்தக் கேள்வியின் பதிலில் ஒரு பகுதி ராணிப்பேட்டையில் இருக்கிறது. அங்கே சிப்காட் வளாகத்தில் 1975இல் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் நிறுவனம் உற்பத்தியைத் தொடங்கியது. முக்கியமாகத் தோல் பதனிடும் தொழிலுக்கான ரசாயனங்கள். 1995இல் ஆலை மூடியது. ஒன்றரை லட்சம் டன்னுக்கும் அதிகமான குரோமியக் கழிவு அங்கேயே குவிந்து கிடந்தது. மழை பெய்தால் கரைந்து நிலத்தடியில் இறங்கியது, தண்ணீர் மஞ்சளானது. 2006இல் உலகின் மிக மாசடைந்த பத்து இடங்கள் என்று வெளியான ஒரு பட்டியலில் ராணிப்பேட்டையும் இருந்தது. அந்த ஆலை தோலுக்காக ஓடியது என்பது சரிதான். ஆனால் முலாம் தொட்டியில் இருக்கும் குரோமிக் அமிலமும் அதே டைகுரோமேட்டிலிருந்துதான் பிறக்கிறது. தொட்டியில் இருப்பது குரோமியம்-6, புற்றுநோய் உண்டாக்குவது என்று உறுதிசெய்யப்பட்ட வடிவம். தொட்டிக்குப் பக்கத்தில் நின்று ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கு மூக்குத் தண்டு துளைபட்டுப்போனது மருத்துவ நூல்களில் பதிவான பழைய நோய். ஐரோப்பாவில் 2017 முதல் தனி அனுமதி இல்லாமல் அந்த அமிலத்தைப் பயன்படுத்த முடியாது. பார்த்தவரை மயக்கிக் கொல்லும் கொல்லிப்பாவையின் கதை எங்கள் மலையுடையது. குரோமின் பாவை பார்த்தவரை விட்டுவிட்டு, செய்தவரைக் கொல்கிறது.

அப்படியென்றால் அலுமினியம் பரவாயில்லையா? புல்லட்டின் எஞ்சின் மூடிகள் அலுமினியம், முலாமே தேவையில்லை, தேய்த்தால் போதும். ஆனால் அந்த உலோகத்தின் கதை எங்கள் வாசலிலேயே இருக்கிறது. கொல்லிமலையின் செம்மண்ணில் பாக்சைட் உண்டு. மேட்டூரில் 1965இல் உற்பத்தி தொடங்கிய மெட்ராஸ் அலுமினியம் கம்பெனிக்கு, நாங்கள் மால்கோ என்று சொல்வதற்கு, இங்கிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் லாரிகளில் மண் போனது. ஒரு டன் அலுமினியத்துக்கு ஏறக்குறைய நான்கு டன் பாக்சைட் வேண்டும். மிச்சம் செஞ்சேறு. உருகிய உலோகத்துக்கு ஊர்ப்பெயர் கிடையாது. ஆனாலும் எந்த அலுமினியமும் ஏதோ ஒரு மலையின் மேற்பரப்புதான்.

ஆக, பாவமே இல்லாத பூச்சு என்று ஒன்று இல்லை. ஏற்கனவே தோண்டியதை எவ்வளவு காலம் வைத்துக்கொள்கிறோம், புதிதாக எவ்வளவு கேட்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். அப்படி யோசித்ததும் ஒவ்வொரு பாகமாகப் பிரித்துப் பார்க்க முடிந்தது.

ஹேண்டில் பாரிலும் ஹெட்லைட் வளையத்திலும் குரோம் இன்னும் பிடிப்பாக இருக்கிறது. மெழுகு பூசி அப்படியே விடுகிறேன். கிராஷ் கார்டு, ஸ்டாண்டு, கேரியர் மூன்றையும் மணல் அடித்துச் சுத்தம்செய்து கறுப்பு பவுடர் கோட்டிங். பொடியை மின்னேற்றத்தால் ஒட்டவைத்து 200 டிகிரி அளவில் சூட்டில் உருக்குவது அது, குரோமிக் அமிலம் தேவையில்லை. சைலன்சரின் சூட்டுக்கு அது தாங்காது, வெப்பம் தாங்கும் கறுப்பு பெயின்ட் போதும். சாதாரண நட்டு போல்ட்டுகளுக்கு ஜிங்க் பிளேட்டிங், அதிலும் மஞ்சளை விட்டுவிட்டு வெள்ளை. மரபான மஞ்சளில் குரோமியம்-6 உண்டு, வெள்ளையைக் குரோமியம்-3 கொண்டே செய்யலாம். வண்டியின் பாரத்தைத் தாங்கும் உறுதியான போல்ட்டுகளை எந்தத் தொட்டிக்கும் அனுப்பவில்லை. அமிலத்தில் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து எஃகை நொறுங்க வைக்கும். எழுபது வளைவு இறங்கும் வண்டியில் அந்த விஷப்பரீட்சை வேண்டாம். அவை புதிதாகவே வரட்டும்.

எஞ்சின் மூடிகளுக்கு எம்ரி பேப்பர்: 400, 800, 1200, பிறகு துணிச் சக்கரத்தில் பாலிஷ். இரண்டு மூடி முடிந்திருக்கிறது. பெரியப்பா குனிந்து பார்த்துவிட்டு, "தெரியுது, ஆனா கொஞ்சம் மங்கலா" என்றார். மலைப் பனியில் அது மூன்று மாதத்தில் இன்னும் மங்கும், மறுபடி தேய்க்க வேண்டும். அந்த வேலை ராணிப்பேட்டைக்கோ வேறு எந்த ஊருக்கோ போகாது, எங்கள் திண்ணையிலேயே முடிந்துவிடும்.