திரைமேல் ஓடும் பேனா: மடங்கும் லேப்டாப்பும் ஓவியரும்

பேனாவால் திரையின் மீதே வரையலாம், வேண்டும்போது மடித்துப் பலகையாக்கிக்கொள்ளலாம் என்ற வசதியுள்ள லேப்டாப் முதலில் ஓவியர்களுக்காகச் செய்யப்பட்டதல்ல. கிடங்கில் இருப்புக் கணக்கெடுப்பவர், நோயாளியின் படுக்கையருகே நின்று எழுதும் மருத்துவர், கூட்டங்களில் குறிப்பெடுக்கும் அலுவலர் ஆகியோரை நம்பியே நிறுவனங்கள் அதில் பணம் போட்டன. அவர்களில் பெரும்பாலோர் கீபோர்டுக்கே திரும்பினார்கள். பேனாவை விடாமல் பிடித்துக்கொண்டவர்கள் ஓவியர்கள்தாம். இந்தக் கருவியை வாங்கப்போகும் ஓவியருக்கு இன்றும் ஏற்படும் குழப்பங்களின் வேர் இந்தப் பழைய கதையில் இருக்கிறது.

கணினித் திரையில் கையால் வரைவது 1963-லேயே சாத்தியமானது. எம்ஐடியில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஐவன் சதர்லேண்ட், ஒளிப்பேனாவைக் கொண்டு வடிவங்களை வரையும் ஸ்கெட்ச்பேட் என்ற மென்பொருளை உருவாக்கினார். நிமிர்ந்து நிற்கும் திரையின் முன் கையைத் தூக்கிப் பிடித்தபடி வரைய வேண்டியிருந்ததால் தோள் விரைவில் சோர்ந்துவிடும். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம், மேசைமேல் கிடத்தி வரையும் பலகையைக் கொண்டுவந்தது. பத்து அங்குலச் சதுரமான அந்தப் பலகைக்குள் மெல்லிய கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாகப் பதிக்கப்பட்டிருந்தன. பத்து லட்சம் புள்ளிகளை அதனால் பிரித்தறிய முடிந்தது. அதன் விலை 18,000 டாலர். அன்று அது ஆய்வுக்கூடங்களுக்கு மட்டுமே எட்டும் தொகை.

ஓவியரின் கைக்கு உண்மையில் இசைந்த பேனா ஜப்பானிலிருந்து வந்தது. 1983-ல் தொடங்கப்பட்ட வாக்கோம் நிறுவனம், ஒயரும் பேட்டரியும் இல்லாமல் இயங்கும் பேனாவை உருவாக்கியது. பலகைக்கு அடியிலுள்ள கம்பிவலை ஒரு மின்காந்தப் புலத்தை எழுப்பும். ஒரு தந்தியை மீட்டினால் அதே சுருதியிலுள்ள பக்கத்துத் தந்தி தானாக அதிர்வதுபோல, பேனாவுக்குள் உள்ள கம்பிச்சுருள் அந்தப் புலத்துக்கு ஒத்து அதிர்ந்து, சமிக்ஞையைத் திருப்பி அனுப்பும். எந்தக் கம்பிகளில் அந்தச் சமிக்ஞை வலுவாக இருக்கிறது என்பதை வைத்து முனை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். முனையை அழுத்தினால் அதிர்வெண் சற்று மாறும். அந்த மாற்றமே கோட்டின் தடிமனாகவோ அடர்த்தியாகவோ திரையில் விழுகிறது. மின்காந்த ஒத்ததிர்வு எனப்படும் இந்த முறை இன்றுவரை ஓவியர்களின் முதல் தேர்வாக இருப்பது நியாயமே. பேனா இலேசாக இருக்கிறது, சார்ஜ் தீர்வதில்லை, மென்மையான தொடுதலையும் உணர்கிறது.

திரையையும் பேனாவையும் லேப்டாப்பையும் ஒன்றாக்கும் முயற்சிகள் 1990-களின் தொடக்கத்தில் வரிசையாக வந்தன. 1989-ல் கிரிட்பேட் என்ற பேனாக் கணினியை விற்ற கிரிட் நிறுவனமே, திரையைக் கீபோர்டின் மேல் சாய்த்து மூடிப் பலகையாக்கும் கன்வர்டிபிள் என்ற கருவியையும் கொண்டுவந்தது. 1993-ல் வெளியான காம்பாக் கான்செர்ட்டோவில் கீபோர்டைத் தனியே கழற்ற முடிந்தது. அன்று எல்லாரும் கையெழுத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருளையே பெரிதாக நம்பினார்கள். அது அடிக்கடி தவறியதால் அந்தக் கருவிகளும் மங்கின.

2002 நவம்பரில் மைக்ரோசாப்ட் அதே முயற்சியைக் கையில் எடுத்தது. விண்டோஸ் எக்ஸ்பியின் டேப்லெட் பதிப்போடு ஏசர், தோஷிபா, எச்பி போன்ற நிறுவனங்களின் கருவிகள் கடைக்கு வந்தன. ஏசர் டிராவல்மேட் சி100, தோஷிபா போர்ட்டேஜே 3500 ஆகியவற்றின் திரை ஒற்றைக் கீலில் சுழன்று திரும்பிப் படுத்துக்கொள்ளும். எச்பியின் டிசி1000 பேனாவுக்குப் பேட்டரி தேவைப்பட்டது. அடுத்து வந்த டிசி1100 வாக்கோம் பேனாவுக்கு மாறியது. அலுவலகங்கள் இவற்றை ஆவலோடு வாங்கவில்லை. ஆனால் தனியாக வரைதிரை வாங்க முடியாத படக்கதைக்காரர்களும் மாணவர்களும் இவற்றை இரண்டாங்கை விலைக்குத் தேடிப் பிடித்தார்கள். வாக்கோம் 2001-ல் சின்டிக் என்ற வரைதிரையை வெளியிட்டிருந்தாலும், அதற்குத் தனியாக ஒரு கணினியும் வேண்டும், விலையும் அதிகம்.

வாங்கியவர்கள் எதிர்பாராத தடை ஒன்றைச் சந்தித்தார்கள். பேனா அழுத்தத்தை உணர்ந்தது. ஓவிய மென்பொருள் உணரவில்லை. ஃபோட்டோஷாப் போன்றவை வின்டேப் என்ற பழைய இடைமுகத்தின் வழியாகவே அழுத்தத்தைப் படித்தன. மைக்ரோசாப்ட்டோ தன் டேப்லெட் பதிப்புக்கு வேறொரு இடைமுகத்தை வகுத்திருந்தது. வாக்கோம் தனி டிரைவர் கொடுத்த பிறகே கோடு மெலியவும் தடிக்கவும் செய்தது. குறிப்பெடுப்பவருக்கு இந்தக் குறை கண்ணில் படாது. ஓவியருக்கோ அழுத்தம் இல்லாமல் கருவியால் பயனில்லை. பதினோரு ஆண்டுகள் கழித்து, 2013-ல் மைக்ரோசாப்ட்டின் சொந்தக் கருவியான முதல் சர்ஃபேஸ் ப்ரோ வந்தபோதும் இதே குறை திரும்பியது, இதே வழியில் டிரைவராலேயே தீர்ந்தது. ஃபோட்டோஷாப் 2014 பதிப்பில்தான் புதிய இடைமுகத்தை ஏற்றுக்கொண்டது.

முதல் இரண்டு சர்ஃபேஸ் ப்ரோக்களிலும் வாக்கோம் பேனா இருந்தது. அழுத்த நிலைகள் 1,024. தடிமன் 13.5 மில்லிமீட்டர். 2014-ல் வந்த மூன்றாவது சர்ஃபேஸ் ப்ரோ 9.1 மில்லிமீட்டராக மெலிந்தது. இஸ்ரேலைச் சேர்ந்த என்-ட்ரிக் நிறுவனத்தின் முறைக்கு மாறியது அதற்குக் கைகொடுத்தது. இதில் திரைக்குப் பின்னால் தனிக் கம்பிவலை தேவையில்லை. பேட்டரியுள்ள பேனா அனுப்பும் சமிக்ஞையைத் தொடுதிரையின் மின்முனைகளே பிடித்துக்கொள்ளும். கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையிலான இடைவெளி குறைந்தது, ஓரங்களில் குறி பிசகுவதும் குறைந்தது. ஆனால் அழுத்த நிலைகள் 256 ஆகச் சுருங்கின. கோடு விழவே சற்று அதிகம் அழுத்த வேண்டியிருந்தது. சாய்கோட்டை மெதுவாக இழுத்தால் அது அலையலையாக நெளிந்தது. மெலிவுக்காக ஓவியரின் கோட்டை விட்டுக்கொடுத்த முடிவு அது. 2015-ல் மைக்ரோசாப்ட் என்-ட்ரிக்கின் தொழில்நுட்பத்தையே வாங்கிக்கொண்டது. 2017-ல் நிலைகள் 4,096 ஆயின, பேனாவின் சாய்வும் உணரப்பட்டது. நெளிவு குறைந்ததே தவிர முழுதாக மறையவில்லை.

கீலும் இதே காலத்தில் மாறியது. ஒற்றைக் கீலில் சுழலும் திரை மறைந்து, 2012-ல் லெனோவோ யோகா கொண்டுவந்த முழுவட்டம் திரும்பும் கீல் பரவியது. அதில் கீபோர்டு அடிப்பக்கம் போய்விடுவதால், குறுக்குவிசைகளை நம்பி வரைபவருக்குத் தனி கீபோர்டு தேவைப்படுகிறது. 2021-ல் வந்த சர்ஃபேஸ் லேப்டாப் ஸ்டூடியோவின் 14.4 அங்குலத் திரையை முன்னால் இழுத்துச் சாய்த்துக்கொள்ளலாம். நீண்ட நேரம் உட்கார்ந்து வரைபவருக்கு மடங்கும் வகைகளில் இந்த அமைப்பே மேல். எச்பியின் ஸீபுக் எக்ஸ்2 போன்ற சில கருவிகள் வாக்கோமின் மின்காந்த முறையை விடாமல் வைத்திருந்தன. அவை விலையிலும் எடையிலும் கனமானவை.

இந்த வரலாறு வாங்குபவருக்கு ஒரு வரிசையைத் தருகிறது. முதலில் பேனா எந்த முறையில் இயங்குகிறது என்று கேட்க வேண்டும், ஏனென்றால் நினைவகத்தைச் சில கருவிகளில் பின்னால் கூட்டலாம், பேனாவின் முறையை எதிலும் மாற்ற முடியாது. 4,096 நிலையா 8,192 நிலையா என்ற விளம்பர எண்ணைவிட, எவ்வளவு மெல்லிய தொடுதலுக்குக் கோடு விழுகிறது என்பதே முக்கியம். தாம் பயன்படுத்தும் மென்பொருளில் அழுத்தம் வேலை செய்கிறதா என்று அடுத்து பார்க்க வேண்டும். பிறகு திரையின் நிறத் துல்லியம், உள்ளங்கை படும் இடத்தில் ஏறும் சூடு, பேனா தொலைந்தால் மாற்றுப் பேனாவின் விலை. கடையில் மாதிரிக் கருவி இருந்தால், ஒரு அளவுகோலை வைத்துத் திரையில் மெதுவாக ஒரு சாய்கோடு இழுத்துப் பாருங்கள். அந்தக் கோடு நெளிந்தால், மற்ற எல்லா வசதிகளும் இருந்தாலும் அந்தக் கருவி கோட்டோவியருக்கு ஏற்றதல்ல.