தராசும் மற்களமும்

வலியில் ஒத்தார் இருவர் பொருதலே போட்டியாகும். வலியானும் மெலியானும் பொருதல் போட்டியன்று, துன்புறுத்தலேயாம். இவ்வுண்மை பற்றியே மற்போர், குத்துச்சண்டை ஆகியவற்றில் நிறைவகுப்புக்கள் தோன்றின. நீதிக்கென எழுந்த அவ்வகுப்பு முறை பிற்காலத்தில் வீரர்தம் உயிருக்கே ஊறாக முடிந்தவாற்றை ஈண்டு நோக்குவாம்.

பண்டைக் கிரேக்கர் தம் ஒலிம்பிய விழாவில் மல்லரைச் சிறுவர், ஆடவர் என வயதால் மட்டுமே பிரித்தனர், நிறையாற் பிரித்திலர். 1896இல் அதென்ஸ் நகரில் ஒலிம்பிக் விழா புத்துயிர் பெற்றபோதும் நிலைமை அதுவே. ஆங்கு ஜெர்மானியரான கார்ல் சூமன், உருவிற் சிறியராயினும், பாரந்தூக்கலில் வெற்றி பெற்ற பிரித்தானியர் ஒருவரை வீழ்த்தி மற்போரில் முதலிடம் பெற்றார். எனினும் இத்தகைய வெற்றி அரிது. ஆதலின் 1904இல் சென் லூயி ஒலிம்பிக்கில் மற்போருக்கும் குத்துச்சண்டைக்கும் ஏழேழு வகுப்புக்கள் அமைந்தன. 1909இல் இலண்டன் தேசிய விளையாட்டுக் கழகம் குத்துச்சண்டைக்கு எட்டு வகுப்புக்களை வரையறுத்தது.

வகுப்பு என்றால் அதற்கு மேலெல்லை உண்டு. அவ்வெல்லையை ஒட்டி நிற்பவனுக்கே நயம் மிகுதி. ஆகவே தன் இயல்பான நிறைக்குக் கீழ்ப்பட்ட வகுப்பில் இறங்க வீரன் விழைகின்றான். நிறுத்தற்கும் பொருதற்கும் இடையே பல மணி நேரம் இருப்பின், அவன் உடல் நீரை வியர்த்து இழந்து தராசேறி, பின்னர் உண்டும் பருகியும் களம் புகுவான். தராசில் நின்றவன் வேறு, களத்தில் நின்றவன் வேறு என்னும் நிலை இவ்வாறு எழுந்தது. எல்லோரும் இதனையே செய்யும்போது எவர்க்கும் நயமில்லை. கேடு மட்டும் எல்லோர்க்கும் பொதுவாகின்றது.

அக்கேடு யாது? நீர் நீங்கக் குருதியின் அளவு குறைகின்றது. அக்குறையை ஈடுசெய்ய இதயம் விரைந்து துடிக்கின்றது. தோலை அடையும் குருதியும் வியர்வையும் குறைதலால் உடல் வெப்பம் வெளியேற வழியின்றி உயர்கின்றது. சிறுநீரகங்கள் வருந்துகின்றன. உணவொழித்தலால் தசைகளிற் சேமித்த கிளைக்கோசன் கரைகின்றது. வெல்லும் பொருட்டுச் செய்த செயல் வெல்லும் ஆற்றலையே குறைக்கின்றது.

இதனை அறிஞர் எச்சரியாமல் இருந்தாரல்லர். ஐயோவா மாநிலப் பாடசாலை மல்லரை ஆராய்ந்து 1970இல் வெளிவந்த கட்டுரை, இளைஞர் சில நாள்களுக்குள் பெருநிறை இழப்பதைக் காட்டியது. 1976இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியும் இவ்வழக்கத்தைக் கண்டித்தது. ஆயின் விதி மாறாதவிடத்து அறிவுரை பயன்படவில்லை.

1997 நவம்பர் 7 முதல் டிசெம்பர் 9 வரையில், வட கரோலினா, விஸ்கொன்சின், மிச்சிகன் மாநிலங்களில் முறையே 19, 22, 21 வயதினரான பல்கலைக்கழக மல்லர் மூவர் மாண்டனர். மூவரும் வியர்வை ஆவியாகாத உடையணிந்து, வெப்பமான சூழலிற் கடும் பயிற்சி செய்தவர்கள். முதல்வர் 12 மணி நேரத்தில் 15 இறாத்தல் குறைக்க முயன்றவர்.

இதன் பின்னரே விதி மாறியது. 1998இல் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுக் கழகம் அவ்வகை உடைகளையும், வெந்நீராவி அறைகளையும், சிறுநீர்ப்பெருக்கிகளையும் தடுத்தது. நிறுத்தல் போட்டிக்கு முன் இரண்டு மணி நேரத்துக்குள் நிகழவேண்டும் என்றது. உடற்கொழுப்பு நூற்றுக்கு 5 வீதத்துக்குக் குறையாதவாறு ஒவ்வொருவர்க்கும் கீழெல்லை வகுத்தது, வாரத்துக்கு 1.5 வீதத்துக்கு மேற்பட்ட நிறையிழப்பை விலக்கியது.

நேரத்தை மட்டும் மாற்றுதல் போதாது என்பதற்கு 2024ஆம் ஆண்டின் பரிஸ் ஒலிம்பிக் சான்று. அங்கு ஒவ்வொரு வகுப்பின் மற்போரும் இரு நாள் நிகழ்ந்தது. இரு காலையும் நிறுத்தல் உண்டு. முன்னர் 53 கிலோகிராம் வகுப்பிற் பொருத இந்திய வீராங்கனை வினேஷ் போகாட் 50 கிலோகிராம் வகுப்பில் இறங்கி, ஆகஸ்ட் 6இல் மூன்று போட்டிகளை வென்றார். இரவு முழுதும் நிறை குறைக்க முயன்றும், கூந்தலைக் கத்தரித்தும், மறுநாட் காலையில் 100 கிராம் மிகுந்திருந்தார். இறுதிப்போட்டி வாய்ப்பை இழந்ததோடு கடைசி இடமும் பெற்றார். தராசு பிழை செய்ததன்று. ஆயின் உடலுக்குரிய கீழெல்லையை முன்னரே வகுத்திருப்பின் அவ்விரவு நேர்ந்திராது.

இவ்வரலாறு உணர்த்துவது ஒன்று. மனிதர் விதியின் சொல்லை மட்டுமன்று, அதன் இடைவெளியையும் கற்கின்றனர். ஆதலின் விதி செய்வோர் அவ்விடைவெளியை அடைத்தல் வேண்டும். பயிற்றுவோர் மாணவனை வகுப்புக்கேற்பச் சுருக்காது, மாணவனுக்கேற்ற வகுப்பைத் தெரிதல் வேண்டும். வெற்றிக்கு அடுத்த ஆண்டும் உண்டு, உயிருக்கு அஃதில்லை.