துருவின் உறவினன்

துருவை அழிவின் குறியாகவே நாம் கண்டு வந்திருக்கிறோம். அதன் உறவான மேக்னடைட் என்னும் இரும்பு ஆக்சைடோ மருத்துவத்தில் வேறொரு வரலாறு உடையது.

1963இல் நாசாவின் சாலமன் பாப்பெல், எடையற்ற வெளியில் ராக்கெட் எரிபொருளைக் காந்தத்தால் ஈர்க்க வேண்டி, இந்நுண்துகள்கள் மிதக்கும் திரவத்தை உருவாக்கினார். அவ்வகைத் திரவத்தில் புற்றுநோய் மருந்தைப் பிணைத்து, கட்டிக்கருகே காந்தத்தை வைத்து, 14 நோயாளிகளிடம் ஜெர்மனியில் லூபே குழுவினர் நடத்திய ஆய்வு 1996இல் வெளியானது. ஏறத்தாழப் பாதிப் பேரிடமே துகள்கள் கட்டியைச் சென்றடைந்தன. தொலைவு கூடக் காந்த ஈர்ப்பு விரைந்து குறைகிறது. குருதியோட்டம் துகள்களை அடித்துச் செல்கிறது. கல்லீரலின் விழுங்கணுக்கள் அவற்றைப் பற்றிக்கொள்கின்றன.

வியப்பு யாதெனில், இத்தடையே பயனாயிற்று. துகள்களை உண்ட நல்ல கல்லீரல் எம்.ஆர்.ஐ. படத்தில் இருள, உண்ணாத கட்டி வெளிறித் தெரிந்தது. 1996இல் அமெரிக்கா இதற்கென ஃபெரிடெக்ஸை ஏற்றது. பின்னர் அதன் உற்பத்தி நின்றுபோனது. 2009இல் ஃபெருமாக்ஸிடால் சிறுநீரக நோயாளிகளின் சோகைக்கு மருந்தாயிற்று. விழுங்கணுக்கள் சிதைத்து விடுவிக்கும் இரும்பே அங்குக் குருதியாகிறது.

மருந்தைச் சுமக்க அனுப்பிய துகள், தானே மருந்தாகி நின்றது. ஆழத்துக் கட்டியைக் காந்தத்தால் தேடிச் செல்லும் மருந்தோ நமக்கு இன்னும் கனவுதான்.