முதலில் பலகை, பின்னரே வங்கு: டைஃப்கன் மரக்கலம் தரும் சான்று

தமிழகக் கடற்கரையின் மரக்கலத் தொழில் வரைபடமின்றி நிகழ்ந்தமையால், அதனை முறையான அறிவாகக் கொள்ளாது வெறும் கைப்பழக்கமாகக் கருதும் போக்கு உண்டு. அக்கருத்து பொருந்தாது என்பதற்கு ஆஸ்திரேலியாவின் ஃபிரிமாண்டில் துறைமுகத்தில் நடந்த ஒரு கலக்கட்டுமானம் சான்றாகிறது.

1606இல் வில்லெம் யான்சூன் தலைமையில் கேப் யார்க் தீபகற்பத்தை அடைந்த டச்சுக் கலம் டைஃப்கன். அக்கண்டத்தில் ஐரோப்பியர் கரையிறங்கியதற்குப் பதிவுள்ள முதற் பயணம் அதுவே. அதன் மறுஆக்கத்திற்கு 1997 சனவரியில் ஏரா எனப்படும் அடிமரம் இடப்பட்டது. 1999 சனவரியில் கலம் நீரில் இறங்கியது. கடல்சார் அருங்காட்சியகத்தின் முன்னே, மக்கள் காண வேலை நடந்தது.

மூலக்கலத்தின் வரைபடம் எதுவும் எஞ்சவில்லை. அக்காலத் டச்சுத் தச்சர் அளவு விதிகளையும் கண்மதிப்பையுமே பெரிதும் நம்பினர் என்பதை 1671இல் வெளிவந்த நிக்கோலாஸ் விட்சனின் நூல் உணர்த்துகிறது. எனவே ஃபிரிமாண்டில் தச்சரும் பழைய முறையையே கைக்கொண்டனர். லாட்வியாவிலிருந்து வந்த ஓக் பலகைகளைத் திறந்த நெருப்பில் காட்டி வளைத்தனர். பலகைகளைப் பொருத்தி உடலை உருவாக்கிய பின்னரே வங்குகளை உள்ளே அமைத்தனர். கலத்தை வடிவமைத்த நிக் பர்னிங்காம் இந்தோனேசியப் பாய்மரக் கலங்களை நெடுங்காலம் ஆராய்ந்தவர். பலகையை முதலில் பொருத்தும் முறை அத்தீவுகளில் இன்றும் வழக்கிலுள்ளது. ஐரோப்பா மறந்த ஒரு முறையை விளங்கிக்கொள்ள ஆசியத் தச்சரின் தொழில் இவ்வாறு ஒளி தருகிறது.

சோழமண்டலக் கரையின் மசூலாப் படகும் இவ்வகையில் எண்ணத்தக்கது. வங்கே இன்றிப் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து ஆக்கப்பட்ட அது, அலைமோதும் கரையில் நெகிழ்ந்து கொடுத்தது. பலகையே வடிவத்தைத் தீர்மானிக்கும் என்னும் கொள்கையில் டச்சுத் தச்சரும் தமிழகத் தச்சரும் ஒருநிலையினரே.

முடிவுற்ற கலம் தான் உருவான வரிசையை மறைத்துவிடுகிறது. டச்சுத் தச்சர் பலகைகளைத் தற்காலிகமாக இணைத்த கட்டைகளைப் பின்னர் அகற்றி, ஆணித் துளைகளைச் சிறு மரமுளைகளால் அடைத்தனர். சிதைந்த கலங்களில் அம்முளைகளைக் கண்ட பின்னரே தொல்லியலார் அவ்வரிசையை உறுதிசெய்ய முடிந்தது. கட்டும்போது அருகில் நின்றவருக்கோ அது கண்கூடு. தமிழகக் கரைகளிலும் மரக்கலங்கள் திறந்த மணல்வெளியிலேயே உருவாயின. சிறுவர் பார்த்தே கற்றனர். கண்ணாடியிழைப் படகுகள் பெருகிய பின் அக்காட்சி அருகி வருகிறது. எஞ்சியுள்ள படகுகளை அளந்து ஆவணப்படுத்துவது மட்டும் போதாது. முதுதச்சர் வாழும் காலத்திலேயே, ஒரு கலத்தையேனும் பலர் காணக் கட்டுவித்துப் பதிவுசெய்தல் இன்றியமையாதது.