காலங்கடக்கும் கதைகளும் கல்முனைக் கரையின் வரலாறும்

வரலாறு என்றதும் பாடசாலை மாணவர் பலர்க்கு நினைவில் எழுவன ஆண்டுகளும் அரசர் பெயர்களும் போர்களின் பட்டியலுமேயாகும். பரீட்சை முடிந்த சில நாட்களில் அவையும் மறந்துபோகின்றன. ஆனால் அதே மாணவர் பன்னிரண்டு வயதிற் படித்த கதையொன்றில் வந்த குதிரை வீரனின் பெயரை முதுமையிலும் மறப்பதில்லை. இவ்வேறுபாட்டின் காரணத்தை அறிவது வரலாறு கற்பிப்போர்க்கும் இலக்கியம் படைப்போர்க்கும் ஒருங்கே பயன்தருவதாகும்.

பாடநூல், நடந்து முடிந்ததைக் கூறுகிறது. 1638ஆம் ஆண்டில் மட்டக்களப்புக் கோட்டை போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியது என்று படிக்கும் மாணவனுக்கு அது முன்பே தீர்ந்துபோன செய்தி. கோட்டைக்குள் அடைபட்டுக் கிடந்தவனுக்கோ, வெளியே இரண்டாம் இராசசிங்கனின் படையோடு நின்றவனுக்கோ அது தீர்ந்த செய்தியாய் இருக்கவில்லை. மறுநாள் என்ன நிகழும் என்பதை அறியாமலே அவர்கள் வாழ்ந்தனர். இக்காலத்து மனிதன் ஒருவன் கடந்த காலத்துட் புகுவதாக அமையும் கதை, அந்த நிச்சயமின்மையை வாசகனுக்கு மீட்டுத் தருகிறது. வரலாறு உயிர்பெறுகிறது என்று நாம் கூறுவதன் பொருள் இதுவே.

காலங்கடத்தல் என்பது மேனாட்டு இயந்திர யுகத்தின் கற்பனை என்று எண்ணுவோர் உளர். அம்பாறைக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களின் சிறுவர்க்கு அஃது அறவே புதியதன்று. திருக்குர்ஆனின் 18ஆம் அத்தியாயமாகிய அல்-கஹ்பு, வெள்ளிக்கிழமைகளில் விரும்பி ஓதப்படுவது. கொடுமைக்கு அஞ்சிக் குகையொன்றில் தஞ்சம் புகுந்த இளைஞரின் வரலாறு அதில் இடம்பெறுகிறது. முந்நூறு ஆண்டுகளும் மேலும் ஒன்பது ஆண்டுகளும் அவர்கள் உறங்கியதாகக் கூறப்படுகிறது. விழித்தவர்களோ ஒரு நாளோ, அதிலும் குறைந்த நேரமோ கழிந்ததாக நினைத்து, வெள்ளி நாணயத்தைக் கொடுத்து ஒருவனை உணவு வாங்க நகருக்கு அனுப்புகின்றனர். விரிவுரைகளில் வழங்கிவரும் செய்தியின்படி அப்பழைய நாணயமே அவர்கள் வேறொரு காலத்தவர் என்பதை வெளிப்படுத்துகிறது. இவ்வரலாறு இறைவனின் அத்தாட்சியாகக் கூறப்படுவதேயன்றிப் பொழுதுபோக்குக்காகக் கூறப்படுவதன்று. எனினும் அதைக் கேட்கும் சிறுவனின் மனத்தில், செல்லாக் காசோடு கடைத்தெருவில் திகைத்து நிற்கும் இளைஞன் ஒருவன் நிலைத்துவிடுகிறான். காலம் மாறியதை அவனுக்கு உணர்த்தியது நீண்ட விளக்கமன்று. கையிலிருந்த ஒரு காசேயாகும்.

ஆங்கில இலக்கியத்தில் இத்தகைய கதைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வேகமாக வளர்ந்தன. 1889ஆம் ஆண்டில் மார்க் ட்வெயின் அமெரிக்கத் தொழிலாளி ஒருவனை ஆதர் மன்னனின் காலத்துக்கு அனுப்பினார். 1895ஆம் ஆண்டில் எச். ஜி. வெல்ஸ் காலத்திற் செல்லும் இயந்திரம் ஒன்றைக் கற்பித்தார். ஆயினும் அவர் நாயகன் சென்றது எதிர்காலத்துக்கே. சிறுவர்க்கான வரலாற்றுக் கதை என்னும் நோக்கில் 1906ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில் இரு நூல்கள் வெளிவந்தன. ஒன்று ஈ. நெஸ்பிற் எழுதிய தாயத்தின் கதை. இலண்டன் கடையொன்றிற் கிடைத்த பாதித் தாயத்தின் துணையால் சிறுவர்கள் பண்டைய எகிப்துக்கும் பபிலோனுக்கும் செல்கின்றனர். அந்நூலைப் பிரித்தானிய நூதனசாலையின் அறிஞர் வாலிஸ் பட்ஜுக்கு ஆசிரியர் காணிக்கையாக்கினார் என்பது கருதத்தக்கது. சிறுவர் கதைதானே என்று அவர் ஆய்வாளரின் துணையை விலக்கவில்லை.

மற்றையது ரூட்யார்ட் கிப்ளிங்கின் பக் என்னும் குறளனைப் பற்றிய கதைத்தொகுதி. இதில் சிறுவர் எங்கும் செல்வதில்லை. சசெக்ஸ் பகுதியில் அவர்கள் விளையாடும் வயலுக்கே உரோமப் படைத்தலைவனும் நோர்மானிய வீரனும் வந்து தத்தம் கதையைக் கூறுகின்றனர். நெஸ்பிற்றின் சிறுவர் தொலைதூர வரலாற்றைத் தேடிச் செல்கின்றனர். கிப்ளிங்கின் சிறுவரைத் தேடி அவர்களது மண்ணின் வரலாறு வருகிறது. கிப்ளிங்கின் பேரரசுப் பற்று நமக்கு உடன்பாடன்று. ஆயினும் தான் நிற்கும் வயலுக்கு ஒரு வரலாறு உண்டு என்று சிறுவனை உணரச்செய்யும் அவரது முறை கற்றுக்கொள்ளத்தக்கது.

தமிழில் இளைஞரை வரலாற்றின்பால் ஈர்த்தவர்களுள் தலையாயவர் கல்கி. 1950ஆம் ஆண்டு தொடங்கிய அவரது பொன்னியின் செல்வன், சோழர் காலத்தைத் தமிழ் வாசகரின் சொந்த ஊராக்கியது எனலாம். காலங்கடத்தலுக்கு மிக அண்மையில் வருவது அவரது சோலைமலை இளவரசி என்னும் சிறுநாவல். 1942ஆம் ஆண்டுப் போராட்டத்தில் ஈடுபட்டுத் தேடப்படும் குமாரலிங்கம் என்னும் இளைஞன் பாழடைந்த கோட்டையொன்றில் ஒளிகின்றான். அங்கே, ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் ஆங்கிலேயரால் தேடப்பட்டு அதே இடத்தில் ஒளிந்த இளவரசனின் வாழ்க்கையைத் தன் வாழ்க்கையாகவே காண்கின்றான். இங்கு இயந்திரமும் இல்லை, தாயத்தும் இல்லை. இடமே இரு காலங்களையும் இணைக்கின்றது.

இலங்கையிலோ, இத்துறையின் முன்னோடி என்று கொள்ளத்தக்க நூல் முஸ்லிம் ஒருவரின் கையிலிருந்தே பிறந்தது. கண்டியைச் சேர்ந்த சித்திலெப்பை 1885ஆம் ஆண்டில் வெளியிட்ட அசன்பே சரித்திரம், இலங்கையின் முதலாவது தமிழ் நாவலாகப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. மிசிறு தேசத்திற் பிறந்த அசன் குழந்தைப் பருவத்திலேயே கவரப்பட்டு இந்தியாவை அடைந்து, பல இடர்களைக் கடந்து உயர்வுபெறும் வீரசாகசக் கதை அது. அக்கதை எழுந்த காலத்தில் மிசிறு இலங்கை முஸ்லிம்களுக்கு வெறும் பெயராக இருக்கவில்லை. ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்ற அறபி பாஷா 1883ஆம் ஆண்டில் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டு இங்கு வாழ்ந்துகொண்டிருந்தார். சித்திலெப்பை தம் காலத்தையே எழுதினார். ஆயினும் நூற்றுநாற்பது ஆண்டுகள் கழிந்த இன்று அந்நூலைத் திறப்பவன் நீராவிக் கப்பல்களின் உலகத்துள் இறங்குகின்றான். எழுதியவர் கருதாமலே அது காலங்கடத்தும் கலமாயிற்று.

இவற்றையெல்லாம் படித்து வளரும் கல்முனைச் சிறுவனின் நிலை யாது? தஞ்சையை அவன் அறிவான். மிசிறையும் பக்தாதையும் அறிவான். வந்தியத்தேவன் இலங்கையில் அலைந்த மாதோட்டத்தையும் தம்பள்ளையையும் அறிவான். ஆனால் மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று கடலோரம் தொடரும் தன் ஊர்களுக்கு இத்தகைய வரலாறு உண்டு என்பதை அவனுக்குக் கதையாகச் சொல்வார் அரியர். வரலாறு என்பது வேறெங்கோ, வேறெவர்க்கோ நிகழ்ந்தது என்ற எண்ணம் அவனுள் வேரூன்றிவிடுகிறது. இது சிறு குறையன்று. தனக்கு வரலாறில்லை என்று எண்ணும் சமூகத்தை, நேற்று வந்தவர் என்று பிறர் கூறுவது எளிது.

உண்மையில் இக்கரை கதைக்குரிய பொருள் நிறைந்தது. 1602ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒல்லாந்தக் கப்பற்றலைவன் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக் கரையில் இறங்கி, உள்நாட்டு வழியே கண்டி மன்னன் முதலாம் விமலதர்மசூரியனைக் காணச் சென்றான். 1626ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப்பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது கண்டி மன்னன் செனரத் அவர்களுக்குப் புகலிடம் அளித்தான். அவர்களுள் நாலாயிரம் பேர் மட்டக்களப்புப் பகுதியில் அமர்த்தப்பட்டதைப் போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் குவேறோஸ் குறித்துள்ளார். அதற்கு முன்னரும் இக்கரையில் முஸ்லிம்கள் வாழ்ந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஆதலின் ஊர்களின் தோற்றம் முழுவதையும் அவ்வோராண்டுக்குள் அடக்கிவிடுதல் பொருந்தாது.

கரையையும் மலையையும் இணைத்தவை தவளங்கள். பொதிமாடுகள் வரிசையாகச் செல்லும் அவ்வணிகக் கூட்டங்கள் கரையிலிருந்து உப்பையும் கருவாட்டையும் மலைநாட்டுக்குக் கொண்டுசென்று, பாக்கு முதலிய பொருள்களோடு திரும்பின. இத்தொழிலில் முஸ்லிம்கள் முதன்மை பெற்றிருந்தனர். கண்டி இராச்சியத்தின் நடுப்பகுதியில் உப்பு விளைவதில்லை. கரையை ஆண்டவன் உப்பை ஆண்டான். உப்பை ஆண்டவன் மலையை நெருக்க வல்லவனானான். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கண்டி மன்னன் கரையோரம் முழுவதையும் ஒல்லாந்தர்க்கு விட்டுக்கொடுக்க நேர்ந்ததன் கொடுமை இதனால் விளங்கும். இச்செய்தியைப் பாடநூல் ஒரு வரியிற் கூறிவிடும். சாய்ந்தமருதுச் சிறுவன் ஒருவன் தவளத்தோடு காட்டுவழி நடந்து, மலையடிவாரத்து வீடொன்றில் ஒரு பிடி உப்புக்காகக் காத்திருக்கும் தாயைக் கண்டால், உடன்படிக்கை என்றால் என்ன என்பதைத் தானே அறிந்துகொள்வான்.

அவனை அக்காலத்துக்கு அழைத்துச்செல்லத் தாயத்துத் தேடவேண்டியதில்லை. நாம் பணத்துக்கு வழங்கும் 'துட்டு' என்னும் சொல், ஒல்லாந்தக் கம்பனியின் செப்புக் காசின் பெயரான 'டொயிட்' என்பதன் திரிபே. குகை இளைஞரின் கையிலிருந்த வெள்ளிக் காசுபோல, ஒவ்வொரு நாளும் நம் நாவிற் புழங்கும் இச்சொல்லும் ஒரு பழங்காலத்தின் முத்திரையைத் தாங்கி நிற்கிறது.

எனினும் இங்கு எச்சரிக்கையும் வேண்டும். வரலாற்றுக் கதை பழம்பெருமை பேசும் கருவியாதல் எளிது. பெருமை பகையாதலும் எளிது. முக்குவர்க்கும் திமிலர்க்கும் நிகழ்ந்த போரில் முஸ்லிம்கள் முக்குவர் பக்கம் நின்று வென்றதாகவும், அதன் பயனாக இரு சாராரிடையே மணவுறவு ஏற்பட்டதாகவும் மட்டக்களப்புப் பகுதியில் ஐதிகம் உண்டு. அதை ஐதிகமாகவே கொள்ளல் வேண்டும். ஆனால் அவ்வைதிகம் சுட்டும் உறவு பொய்யன்று. தாய்வழியாக வரும் குடிமுறையும், பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழக்கமும் இக்கரையின் தமிழர்க்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவானவை என்பதை, அக்கரைப்பற்றில் ஆய்வு நிகழ்த்திய மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார்.

இன்னொரு நிகழ்ச்சியும் நினைக்கத்தக்கது. 1817ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் ஹஜ்ஜி மரிக்கார் என்னும் முஸ்லிமை வெல்லஸ்ஸைப் பகுதியில் முகாந்திரமாக நியமித்தமை, ஊவா வெல்லஸ்ஸைக் கிளர்ச்சிக்கு உடனடிக் காரணங்களுள் ஒன்றாயிற்று. அக்கிளர்ச்சியில் மரிக்காரும் உயிரிழந்தார். அவரை வீரன் என்றோ துரோகி என்றோ ஒரு சொல்லில் முடித்துவிடுதல் மேடைப்பேச்சுக்கு ஏற்கும், கதைக்கு ஏலாது. காலங்கடந்து வரும் சிறுவன் அந்தக் காலத்துக்கு அந்நியன். எந்தப் பக்கத்துக்கும் உரியவனல்லாத அவன் இரு பக்கத்து வீடுகளிலும் நீர் வாங்கிக் குடிக்க வேண்டியவன். ஆதலின் இரு பக்கத்து அச்சத்தையும் அவன் அறிவான். இக்கதை வடிவத்தின் தலையாய நன்மை இதுவே எனலாம். 1985ஆம் ஆண்டிலும் 1990ஆம் ஆண்டிலும் நிகழ்ந்த வன்செயல்களில் தமிழரும் முஸ்லிம்களும் தத்தம் உறவுகளைப் பறிகொடுத்த இக்கரையில், அந்த நன்மை வெறும் இலக்கிய நன்மையன்று.

காலமும் நமக்காகக் காத்திருப்பதில்லை. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி எழுந்த ஆழிப்பேரலையில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனையும் கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் கடலோர வீடுகளை வரிசை வரிசையாக இழந்தன. வீடுகளோடு காணி உறுதிகளும் கடிதங்களும் நிழற்படங்களும் சென்றன. முதியோரோடு அவர்கள் நினைவில் இருந்தவையும் சென்றன. எழுதப்படாத வரலாற்றுக்கு நேரும் கதி இதுதான்.

எஞ்சியவற்றைத் திரட்டும் பணி முற்றாகத் தொடங்கப்படாததன்று. 1942ஆம் ஆண்டில் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராகக் கடமையேற்ற ஏ. எம். ஏ. அஸீஸ், பின்னர் 'இலங்கையில் இஸ்லாம்' என்னும் நூலைத் தமிழில் எழுதினார். நிந்தவூரைச் சேர்ந்த எஸ். முத்துமீரான் இப்பகுதி முஸ்லிம்களின் கிராமியக் கவிகளைத் தொகுத்து நூலாக்கினார். இவ்வாறு திரட்டப்பட்டவை கதையாகிச் சிறுவரைச் சென்றடையவேண்டிய அடுத்த படியே எஞ்சி நிற்கிறது.

அதற்கு வரலாறு கற்போரும் தமிழ் கற்போரும் சேர்ந்து உழைத்தல் வேண்டும். ஆதாரம் உள்ள இடத்தில் ஆதாரத்துக்குக் கட்டுப்படுதலும், ஐதிகத்தை ஐதிகமென்று அடையாளங் காட்டுதலும், கற்பனையை மனித உள்ளத்தை அறிவதற்குப் பயன்படுத்துதலும் அவர்கள் கடைப்பிடிக்கவேண்டிய நெறிகள். தவளம் சென்ற வழியையும், பழைய உப்பு வாணிகத்தின் சொற்களையும், தத்தம் குடியின் பெயர்க்காரணத்தையும் இன்னும் நினைவில் வைத்திருக்கும் மூத்தோர் இவ்வூர்களில் உளர். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் அவர்களுள் ஒருவரையேனும் கேட்டு எழுதிவருவாராயின், கல்முனைச் சிறுவன் தன் வயலில் நின்று கேட்கவேண்டிய கதைக்கு முதற் பக்கம் கிடைத்துவிடும்.